யார் இந்த குறியேடத்து தாத்ரி? ஒரு பெண்ணின் வாக்குமூலமும் சாதியை இழந்த 65 ஆண்களும்

சூனியக்காரி என்று பட்டம் கட்டி பெண்களை விசாரித்துத் தூக்கில் போட்ட கதைகள் இங்கிலாந்து கிராமங்களில் நிறைய உண்டு. 1612-ல் பெண்டில் மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள் மீது லங்காஸ்டரில் நடந்த வழக்கில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி சொந்தத் தாய்க்கு எதிராகவே சாட்சி சொன்னாள். தாய் தூக்கிலிடப்பட்டார். நம்ம பக்கத்தில் அப்படி எதுவும் நடந்ததா என்று தேடினால், வெகுதூரம் போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினாலே போதும். அங்கே குற்றச்சாட்டு சூனியம் அல்ல, கற்பு. ஆனால் விசாரணை நடந்த விதம் மட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

அந்த விசாரணையின் மையத்தில் நின்றவர் சாவித்திரி. கேரளா முழுக்கத் தெரிந்த பெயர், குறியேடத்து தாத்ரி.

அடுக்களைக்குள் ஒரு வாழ்க்கை

கல்பகசேரி என்ற நம்பூதிரி இல்லத்தில் பிறந்தவர் தாத்ரி. திருச்சூர் பக்கம் செம்மந்தட்டையில் இருந்த குறியேடத்து இல்லத்து ராமன் நம்பூதிரிக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார். அன்றைய நம்பூதிரி வீடுகளின் வழக்கம் தெரியாமல் இந்தக் கதை புரியாது. சொத்து சிதறக் கூடாது என்பதற்காக மூத்த மகன் மட்டும்தான் சொந்தச் சாதியில் கல்யாணம் செய்யலாம். தம்பிகள் நாயர், அம்பலவாசி வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள். அந்த உறவில் பிறக்கும் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அப்பாவுக்குக் கிடையாது.

அப்போ நம்பூதிரிப் பெண்களின் கதி? மூத்த மகன்கள் குறைவு, பெண்கள் அதிகம். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று மனைவிகள். தாத்தா வயசுக்காரருக்கு நாலாவதாக வாக்கப்பட்ட சிறுமிகளும் இருந்தார்கள். கல்யாணமே ஆகாமல் கிழவியானவர்களும் உண்டு. அந்தர்ஜனம் என்றுதான் இவர்களுக்குப் பெயர். உள்ளே இருப்பவர்கள் என்று அர்த்தம். வெளியே போனால் உடம்பைப் போர்த்திக்கொண்டு, முகம் தெரியாமல் மறைக்குடை பிடிக்க வேண்டும். கூட ஒரு பணிப்பெண்ணும் வர வேண்டும். இத்தனை கட்டுக்காவலில் இருந்த ஒரு பெண் எப்படி அத்தனை ஆண்களைச் சந்தித்தார் என்று இன்றைக்கும் ஆச்சரியமாகக் கேட்கிறார்கள். அந்த ஆண்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று அதிகம் பேர் கேட்பதில்லை.

ஸ்மார்த்தவிசாரம் என்றால் என்ன?

ஒரு அந்தர்ஜனத்தின் மேல் சந்தேகம் வந்தால் முதலில் பணிப்பெண்ணைப் பிடித்து விசாரிப்பார்கள். அவள் வாயிலிருந்து ஏதாவது வந்துவிட்டால், அந்தப் பெண்ணை வீட்டிலிருந்து பிரித்து அஞ்சாம்புரை என்ற தனி அறையில் அடைப்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குப் பெயர் கிடையாது. சாதனம் என்றுதான் குறிப்பிடுவார்கள். சாதனம் என்றால் பொருள், சாமான்.

பிறகு ராஜாவின் அனுமதியோடு ஸ்மார்த்தன் வருவார். சாஸ்திரம் படித்த மீமாம்சகர்களும், ராஜாவின் பிரதிநிதியும் கூட இருப்பார்கள். பெண் கதவுக்குப் பின்னால் மறைவாக நிற்க, கேள்வி நாள்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் போகும். அவள் ஒத்துக்கொள்ளும் வரை முடியாது. விசாரிக்காமலே தீர்ப்பு சொன்ன பாண்டியன் கதையைக் கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இது நேர் எதிரான கொடுமையாகத் தெரியும். இங்கே விசாரணைதான் தண்டனையே.

குற்றம் உறுதியானால் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுவார்கள். செத்துப்போனவளுக்குச் செய்வதுபோல வீட்டில் ஈமச்சடங்கும் நடக்கும். உயிரோடு இருப்பவளுக்குக் கருமாதி. அவள் பெயர் சொன்ன ஆண்களுக்கும் சாதி போய்விடும்.

சுசீந்திரத்தில் கொதித்த நெய்

ஆண்கள் மேல் சந்தேகம் வந்தால் இன்னொரு வழியும் ஒரு காலத்தில் இருந்தது. மதுரையிலிருந்து கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி நேரா தெற்கே போனால் நான்குவழிச் சாலை குமரிப் பக்கம் கொண்டுபோய் விடும். அங்கே இருக்கிறது சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். திருவிதாங்கூர் ராஜ்ஜியக் காலத்தில், குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் இந்தக் கோயிலில்தான் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. பெயர் கைமுக்கு. கை வெந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இது நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தில் சந்தேகப்பட்ட பெண்களைக் கட்டித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் சூனியக்காரி என்றார்கள். நெய்யா தண்ணீரா என்பதில்தான் வித்தியாசம்.

1905-ல் என்ன நடந்தது?

தாத்ரி மேல் புகார் வந்தபோது அவருக்கு இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அன்று கொச்சியை ஆண்டவர் ராஜரிஷி என்று அழைக்கப்பட்ட ராமவர்மா. வழக்கமாக இந்த மாதிரி விசாரணைகளில் பெண் ஒத்துக்கொள்வாள், சிலர் பெயரைச் சொல்வாள், கதை முடிந்துவிடும். தாத்ரி ஒத்துக்கொண்டார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பெயர் மேல் பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். நாள், இடம், உடம்பில் இருக்கும் அடையாளம் என்று ஆதாரமும் சேர்த்துச் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

பெரிய இடத்து ஆட்களின் பெயர் வர ஆரம்பித்ததும், தங்களையும் கேட்க வேண்டும் என்று ஆண்கள் தரப்பில் குரல் எழுந்தது. ராஜா சம்மதித்தார். அதுவரை இல்லாத வழக்கமாக, குற்றம் சாட்டப்பட்ட ஆண்கள் தாத்ரியைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். இது திரிப்பூணித்துறையில் நடந்தது. மணிச்சித்திரத்தாழு படத்தில் பார்த்த ஹில் பேலஸ் இருக்கும் அதே ஊர்தான். ஒவ்வொருத்தராக வந்து கேட்டார்கள். பெரும்பாலும் பதில் சொல்ல முடியாமல் திரும்பியவர்கள் அவர்கள்தான்.

1905 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பட்டியலில் 65 பேர் என்பதுதான் பரவலாக நிலைத்துவிட்ட கணக்கு. நம்பூதிரிகள், தமிழ் பேசும் ஐயர்கள், அம்பலவாசிகள், நாயர்கள் எல்லாரும் அதில் உண்டு. அன்றைய கதகளி மேடையின் பெரிய நடிகர் காவுங்கல் சங்கரப் பணிக்கரும் ஒருத்தர்.

அடுத்த பெயர் ராஜாவுடையதாக இருந்ததால்தான் விசாரணை நிறுத்தப்பட்டது என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. அது வெறும் கதைதான். ஆனாலும் நூறு வருஷமா மக்கள் அதை விடாமல் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பட்டியல் இன்னும் மேலே போயிருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள் என்று அர்த்தம்.

கதையில் தாத்ரி

பெண்டில் வழக்கை 1849-ல் ஐன்ஸ்வொர்த் நாவலாக்க இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தாத்ரிக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. லலிதாம்பிகா அந்தர்ஜனம் 1938-ல் எழுதிய 'பிரதிகாரதேவதா' சிறுகதையில், ராத்திரி நேரத்தில் தாத்ரியின் ஆவி ஒரு எழுத்தாளர் முன் வந்து தன் கதையைச் சொல்கிறது. எழுதியவரும் நம்பூதிரிப் பெண் என்பதால் அந்தக் கதைக்குத் தனி கனம் உண்டு. மாடம்பு குஞ்ஞுக்குட்டனின் 'பிரஷ்டு' நாவல் எழுபதுகளில் வந்தது. எம்.டி. வாசுதேவன் நாயர் திரைக்கதையில் 1994-ல் வந்த 'பரிணயம்' படத்தில் விசாரணைக்கு ஆளாகும் இளம் விதவையாக நடித்தவர், நம்ம 'ஈரமான ரோஜாவே' மோகினி.

இந்த மறுகதைகளில் ஒரு சிக்கலும் இருக்கு. பலவற்றில் தாத்ரி பழிவாங்கும் தேவதையாகிவிடுகிறார், எல்லாத்தையும் முன்கூட்டியே திட்டம் போட்டவராக. அது ஆவேசமான கதைதான். ஆனால் அறையில் அடைத்து, பெயரைப் பறித்து, மாதக்கணக்கில் கேள்வி கேட்கப்பட்ட ஒரு இளம்பெண் அதில் கொஞ்சம் மறைந்துபோகிறார்.

நம்பூதிரி சீர்திருத்தம் பிறகு சூடுபிடித்தது. 1908-ல் யோகக்ஷேம சபை தொடங்கப்பட்டது. வி.டி. பட்டதிரிப்பாட்டின் நாடகம் 1929-ல் அடுக்களைப் பெண்களை மேடைக்குக் கொண்டுவந்தது. தம்பிமார்களும் சொந்தச் சாதியில் கல்யாணம் செய்ய 1933-ல் சென்னை மாகாணம் சட்டம் போட்டது.

தாத்ரியை விசாரணைக்குப் பிறகு சாலக்குடி ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் காவலோடு வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தார், மதம் மாறினார், கல்யாணம் செய்து பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தார் என்றெல்லாம் பேச்சு உண்டு. அந்த 65 ஆண்களின் பெயரும் வீட்டுப்பெயரும் இன்றும் புத்தகங்களில் கிடைக்கின்றன.