ஒரு பீச் பழம், நாலு மாசத் தாமதம்: ஜெனரல் கிரான்ட்டின் கடைசி வருடம்!

தொண்டையில லேசா ஒரு வலி. வாயில ஆறாத ஒரு புண். இல்லைன்னா, குளிக்கும்போது மார்புல கைக்குத் தட்டுப்படுற ஒரு சின்னக் கட்டி. நீங்க ஓர் ஆணா இருந்தா அடுத்து என்ன செய்வீங்க? பெரும்பாலும் எதுவுமே செய்ய மாட்டீங்க. ராத்திரி போன்ல தேடிப் பார்த்துப் பயப்படுவீங்க. காலையில எழுந்ததும் `சூடா இருக்கும்'னு நீங்களே முடிவு பண்ணிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிடுவீங்க. வீட்டுல யார்கிட்டயும் மூச்சு விட மாட்டீங்க.

இதையே செஞ்ச ஒருத்தரோட கதைதான் இது. அவர் பயந்தாங்கொள்ளி கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை ஜெயிக்கவைத்த தளபதி. 1865 ஏப்ரலில் எதிரணித் தளபதி லீ சரணடைந்தது இவரிடம்தான். பிறகு 1869 முதல் 1877 வரை எட்டு ஆண்டுகள் அமெரிக்க அதிபர். இன்றைக்கும் 50 டாலர் நோட்டில் இருப்பது இவர் முகம்தான். பெயர், யுலிசஸ் எஸ். கிரான்ட்.

வெற்றியோடு வந்த சுருட்டு

1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையைப் பிடித்தார் கிரான்ட். வடக்கு மாநிலங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி அது. போரின்போது அவர் கையில் சுருட்டு இருந்ததைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. அவ்வளவுதான்... ரசிகர்கள் பெட்டி பெட்டியாகச் சுருட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள். 10,000 சுருட்டுகள் வரை வந்து குவிந்தன. அதுவரை அளவாகப் புகைத்தவர், அதன்பிறகு சுருட்டும் கையுமாகவே இருந்தார். அன்பா வந்த பரிசு, 20 வருஷம் கழிச்சு பில்லை நீட்டுச்சு.

ஒரே கோடையில் ரெண்டு அடி

1884 மே மாதம். நியூயார்க்கில் மகனுடன் சேர்ந்து அவர் பணம் போட்டிருந்த `கிரான்ட் அண்ட் வார்ட்' நிதி நிறுவனம் திவாலானது. பார்ட்னர் ஃபெர்டினாண்ட் வார்ட் செய்த மோசடிதான் காரணம். குடும்பத்தின் சேமிப்பு மொத்தமும் போனது. முன்னாள் அதிபருக்குப் பென்ஷன் கொடுக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அதிபரானபோது ராணுவப் பதவியை விட்டதால் அந்த வருமானமும் இல்லை. போரை ஜெயித்தவர், வீட்டுச் செலவுக்கே திண்டாடும் நிலைக்கு வந்தார்.

அடுத்த மாதம், நியூஜெர்ஸியின் லாங் பிரான்ச் கடற்கரை வீட்டில் மதியச் சாப்பாடு. ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கினார். தொண்டையில் சுரீர் என ஒரு வலி. பழத்துக்குள் இருந்த பூச்சி ஏதோ கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தார். தண்ணீர் குடித்தால் நெருப்பாக எரிந்தது. டாக்டரைப் பார்க்கச் சொன்னார் மனைவி ஜூலியா. கிரான்ட் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் ஃபிலடெல்ஃபியா டாக்டர் டா காஸ்டா அவர் தொண்டையைப் பார்த்தார். தாமதிக்காமல் குடும்ப டாக்டரிடம் காட்டச் சொல்லி எச்சரித்தார். குடும்ப டாக்டரான பார்க்கரோ ஐரோப்பாவில் இருந்தார். கிரான்ட்டுக்கு அது நல்ல சாக்காகிப்போனது. அவர் வரட்டும் என்று காத்திருந்தார். கடனை அடைக்க, பத்திரிகைக்குப் போர் அனுபவங்களை எழுதும் வேலையில் மூழ்கினார். ஜூன் போச்சு, ஜூலை போச்சு, ஆகஸ்ட், செப்டம்பரும் போச்சு. வலி மட்டும் போகலை.

அக்டோபர் 22

பார்க்கர் ஊர் திரும்பிய பிறகு, தொண்டை நிபுணர் ஜான் ஹான்காக் டக்ளஸிடம் போனார் கிரான்ட். தேதி 1884 அக்டோபர் 22. நாக்கின் அடிப்பகுதியிலும் டான்சில் பக்கத்திலும் வளர்ச்சி இருந்ததை டாக்டர் பார்த்தார். இது கேன்சரா என்று கிரான்ட் நேரடியாகவே கேட்டார். நோய் தீவிரமானது என்பதை டாக்டர் மறைக்கவில்லை. ஆனால், அந்த வார்த்தையைச் சொல்வதையும் தவிர்த்தார். கிரான்ட்டுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் அவர் அதிகம் பேசவில்லை. கடைசியில் ஜூலியாவே டாக்டரைத் தேடிப் போய்த்தான் உண்மையைத் தெரிந்துகொண்டார். 1885 பிப்ரவரியில் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் புற்றுநோய் உறுதியானது. அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தை நோய் தாண்டியிருந்தது. வலிக்கு மருந்து தடவுவதைத் தவிர, டாக்டர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

தெரிஞ்சதுக்கு அப்புறம்...

இங்கேதான் கதை மாறுது. தெரியாத நாலு மாசமும் வலியிலயும் சாக்குலயும் கரைஞ்சுபோச்சு. தெரிஞ்ச ஒன்பது மாசத்துல அவர் செஞ்சதைப் பாருங்க.

தான் போய்விட்டால் ஜூலியா என்ன செய்வார்? கிரான்ட்டுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். சுயசரிதை எழுத உட்கார்ந்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் தன் பதிப்பகம் மூலம் அதை வெளியிட முன்வந்தார். விழுங்குவதே வேதனை, தூக்கம் இல்லை. ஆனாலும் எழுதினார், முடியாதபோது வாயால் சொல்லி எழுதவைத்தார். குரலும் போனபிறகு துண்டுச் சீட்டுகளில் எழுதிக் காட்டினார். 1885 ஜூனில் மவுன்ட் மெக்ரிகர் மலைக்குக் குடிபோனார். அங்கே நாற்காலியில் சால்வை போர்த்திய நிலையில்தான் கடைசிப் பக்கங்களைத் திருத்தினார்.

புத்தகம் முடிந்த சில நாள்களில், ஜூலை 23-ம் தேதி இறந்தார். வயது 63. இரண்டு பாகங்களாக வந்த அந்தப் புத்தகத்தின் மூலம் ஜூலியாவுக்குக் கிடைத்த தொகை சுமார் 4,50,000 டாலர். கடன் கவலை இல்லாமல் குடும்பம் நிமிர்ந்தது.

உங்க பீச் பழம் எது?

ஜூன்லயே போயிருந்தா கிரான்ட் பிழைச்சிருப்பாரா? 1884-ன் மருத்துவத்தை வெச்சுப் பார்த்தா, உறுதியா சொல்ல முடியாது. ஆனா, நீங்க 1884-ல இல்லை. வாய், தொண்டைப் புற்றுநோயை ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா குணமாக்குற வாய்ப்பு இன்னைக்கு ரொம்ப அதிகம்.

அதனால, மூணு வாரத்துக்கு மேல ஆறாத வாய்ப்புண், விழுங்கும்போது தொடரும் வலி, மாறாத குரல் கரகரப்பு, கழுத்துல கட்டி... எதுவா இருந்தாலும் ஒரு இ.என்.டி டாக்டரைப் பாருங்க. மார்புல கட்டின்னா, அது பொம்பளைங்க பிரச்னைன்னு கூச்சப்படாதீங்க. மார்பகப் புற்றுநோய் வர்ற நூறு பேர்ல ஒருத்தர் ஆண்தான். அப்படிக் காட்டுற கட்டிகள்ல நிறைய சாதாரணக் கட்டியாவும் இருக்கும். ஆனா, அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், உங்க போன் இல்லை.

முக்கியமா, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது இன்னைக்கே சொல்லிடுங்க. ஜூலியா மாதிரி அவங்க டாக்டரைத் தேடிப் போய்த் தெரிஞ்சுக்க வேண்டாமே!