விரல்களால் செவிமடுத்த மருத்துவர்

ஐம்புலன்களுள் ஒன்று குறைந்தாலும் வாழ்வே இருண்டுவிட்டதாக எண்ணி வருந்துவோர் பலர். ஆனால் செவிப்புலன் குன்றிய பின்னும், பச்சிளங் குழந்தைகளின் இருதயத் துடிப்பைத் தம் விரல்களாலேயே உணர்ந்து, அவர்களுக்கு வாழ்வளித்தார் ஒரு பெண்மணி. அவரே ஹெலன் டாசிக் அம்மையார்.

இவர் 1898-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். 11-ஆம் வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதே இவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பேராசிரியரான தந்தை பொறுமையுடன் அருகிருந்து கற்பித்தார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களுக்குப் பட்டம் வழங்காததால், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று 1927-இல் மருத்துவரானார். 1930-இல் அங்கேயே குழந்தைகள் இருதயப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

அங்கே உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகள் வந்தனர். பிறவியிலேயே இருதயச் சுவரில் துவாரம். நுரையீரலுக்குச் செல்லும் பாதையும் குறுகியிருந்தது. அதனால் இரத்தத்திற்குப் போதிய பிராணவாயு கிட்டவில்லை. சாதாரணமாகப் பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும் ஒரு சிறு குழாய், சில குழந்தைகளுக்கு மட்டும் மூடாமல் இருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட நலமாக இருப்பதை அம்மையார் கண்டார். அத்தகைய குழாயை நாமே அமைத்தால் என்ன என்று சிந்தித்தார்.

அக்குழாயை மூடுவதில் புகழ்பெற்ற பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் கிராஸிடம் சென்று கேட்டார், அவர் இசையவில்லை. அம்மையார் மனந்தளரவில்லை. 1941-இல் ஹாப்கின்ஸுக்கு வந்த ஆல்ஃபிரட் பிளாலாக்கிடம் அதே வினாவை எழுப்பினார். பிளாலாக்கின் உதவியாளரான விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர், நாய்களிடம் பலமுறை செய்து பார்த்து வழி கண்டார். 1944 நவம்பர் 29 அன்று, ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தைக்கு, கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயுடன் இணைத்தனர். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆயினும் மூன்றாவதாக வந்த சிறுவனின் நீல உதடுகள் அறுவை மேசையிலேயே சிவந்தன! பின்னர் உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர். நெடுங்காலம் மறைந்திருந்த தாமஸின் பெயரும் இன்று அச்சிகிச்சையின் பெயரில் சேர்த்து வழங்கப்படுகிறது.

1965-இல் அமெரிக்க இருதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரான அம்மையார், 1986 மே 20 அன்று கார் விபத்தில் காலமானார்.

அன்புத் தோழியரே! படிப்பு கடினம் என்று சோர்வடையும்போது இவரை நினைப்போம். இறைவன் ஒரு கதவை அடைத்தால், மற்றொன்றைத் தட்டிப் பார்க்கும் துணிவையும் நமக்குத் தந்திருக்கிறார் அன்றோ?