கைத்திறனே கைம்முதல்

திருவண்ணாமலையை வலம் வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தே அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. முழுநிலா நாளில் மலையை வலம் வரும் மக்கள் கூட்டம் இவ்வூர் வழியே ஆறு போல் செல்லும். பாதையின் இருமருங்கும் இளநீர் விற்போரையும், தேநீர்க் கடை வைத்திருப்போரையும், பூவும் பழமும் பரப்பி அமர்ந்திருப்போரையும் காணலாம். அவர்களுள் இளைஞர் பலர். சிறிய தொகையை முதலாகக் கொண்டு, தம் உழைப்பை நம்பித் தொழிலில் இறங்கியவர்கள் அவர்கள். இவ்வளவு சிறிய முதலைக் கொண்டு ஒருவர் எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்ற வினா நம் உள்ளத்தில் எழுதல் இயல்பே. இவ்வினாவிற்கு விடையாக விளங்குவது, கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை. அவருடைய முதற் பெருந்தொழிலும் ஒரு திருத்தலத்திற்குச் செல்லும் சாலையிலேதான் தொடங்கியது.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பம் ஒன்றில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளியில் அவர் மனம் நிலைக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு அவருடைய படிப்பு நின்றது. ஆயினும், எதனையும் தொட்டுப் பார்த்தும் பிரித்துப் பார்த்தும் அறியும் வேட்கை அவரிடம் மிகுந்திருந்தது. பிற்காலத்தில் நூல்களைத் தேடித் தேடிப் படித்து, பள்ளியில் பெறாத கல்வியைத் தாமே ஈட்டிக்கொண்டார்.

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கிராமத்துச் சாலை வழியே சென்றார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே விரைந்தோடும் அவ்வண்டி இளைஞர் துரைசாமியின் உள்ளத்தைக் கவர்ந்தது. அது போன்றதொரு வண்டியைத் தாமும் பெற வேண்டும் என அவர் உறுதி பூண்டார். ஆனால், அதன் விலையோ சில நூறு ரூபாய். அது அந்நாளில் பெருந்தொகை. துரைசாமி கோயம்புத்தூருக்குச் சென்று, ஓட்டல் ஒன்றில் உணவு பரிமாறும் பணியில் அமர்ந்தார். கிடைத்த ஊதியத்தில் தம் தேவைகளைச் சுருக்கிக்கொண்டு, எஞ்சியதைக் காசு காசாகச் சேர்த்தார். சில ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் அவர் விரும்பிய வண்டி அவர் கைக்கு வந்தது.

வேறொருவராயின் அவ்வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி மகிழ்ந்திருப்பர். அவரோ அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் பரப்பினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அமைந்தது, ஒன்று மற்றொன்றை எவ்வாறு இயக்குகிறது என்று ஆராய்ந்தார். பின்னர் அனைத்தையும் முன்போலவே பொருத்தி வண்டியை ஓடச் செய்தார். எந்திரங்களைப் பழுது பார்க்கும் கைத்திறன் அவருக்கு இவ்வாறு வந்து எய்தியது. சேர்த்த பணம் செலவாயிற்று. அதன் வழியே வந்த அறிவு மட்டும் அவரிடம் தங்கிற்று.

அடுத்து அவர் பருத்தித் தொழிலில் ஈடுபட்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. திருப்பூரில் அவர் நடத்திய தொழில் செழித்தது. செல்வம் விரைந்து சேர்ந்தது. அச்செல்வத்தோடு பம்பாய்க்குச் சென்று, அங்கே பெருவணிகர்களோடு பருத்தி வணிகத்தில் இறங்கினார். அச்சந்தையின் ஏற்ற இறக்கங்கள் அவருக்குப் பழக்கமில்லாதவை. ஈட்டிய பொருளெல்லாம் கரைந்தது. உழைத்துச் சேர்த்ததை இழந்து, மீண்டும் வெறுங்கையராய் அவர் ஊர் திரும்பினார்.

இந்நிலையில் மனம் உடைந்து போவோர் பலர். ஆனால், துரைசாமி தம்மிடம் எஞ்சியிருந்தது எது என்று எண்ணிப் பார்த்தார். பணம் போயிற்று, மோட்டாரைப் பற்றிய அறிவு போகவில்லை. கோயம்புத்தூரில் ஆலையும் பள்ளியும் நிறுவியவரும் ஆங்கிலத் தொழிலதிபருமான ராபர்ட் ஸ்டேன்ஸை அவர் அணுகினார். இளைஞரின் திறமையையும் நாணயத்தையும் கண்ட ஸ்டேன்ஸ், அவர் பேருந்து ஒன்றைப் பெற்றுத் தொழில் தொடங்கக் கடனுதவி செய்தார். ஈடாகக் காட்டத் துரைசாமியிடம் செல்வம் இல்லை; அவர்பால் வைத்த நம்பிக்கையே அக்கடனுக்கு ஈடாயிற்று.

1920ஆம் ஆண்டு அப்பேருந்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அப்போது துரைசாமிக்கு வயது 27. அந்நாளில் அவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் இருப்புப் பாதை இல்லை. பழனி முருகனை வழிபடச் சென்றோர் மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ செல்ல வேண்டியிருந்தது. மக்களுக்கு எது தேவை என்பதை அறிந்து அவ்வழியைத் தேர்ந்தமை அவருடைய வணிக நுண்ணறிவைக் காட்டும். வண்டியை அவரே ஓட்டினார். பழுது நேர்ந்தால் அவரே செப்பனிட்டார். எனவே, பிறருக்குச் செல்ல வேண்டிய கூலி மிச்சமாயிற்று. வழியில் வண்டி நின்றுவிடுமோ என்னும் அச்சமும் நீங்கிற்று. முன்னொரு நாள் மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்ற பாடம் இப்போது பயன் தந்தது.

ஒரு வண்டி பலவாயிற்று. யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்றும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்றும் வழங்கிய யு. எம். எஸ். நிறுவனம் வளர்ந்தது. 1930களில் 200க்கும் மேற்பட்ட பேருந்துகளை அது இயக்கியது. ஒழுங்காக நடைபெறும் போக்குவரத்து நிறுவனம் என்ற நற்பெயரும் அதற்கு வாய்த்தது.

செல்வம் பெருகிய பின்னும் நாயுடு பழைய ஆராய்ச்சி வேட்கையைக் கைவிடவில்லை. முகம் மழிக்கும் மின்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி முதலியவற்றை உருவாக்கினார். 1937ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்மோட்டார் செய்தார். வெளிநாட்டு மோட்டார்களையே நம்பியிருந்த காலத்தில் நம் நாட்டிலேயே அதனைச் செய்தமை பெருஞ்செயலாகும். கோயம்புத்தூர் இன்று மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் பெயர் பெற்று விளங்குவதற்கு இம்முயற்சி ஒரு தொடக்கமாயிற்று.

தம்மைப் போல் இளமையில் வழியறியாது தவிப்போர்க்குத் தொழிற்கல்வி கிடைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1945ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையம் அமைய அவர் உதவினார். கோயம்புத்தூரில் ஹோப் காலேஜ் என்னும் இடப்பெயர் இன்றும் அந்நிகழ்ச்சியை நினைவூட்டி நிற்கிறது. கல்வி, செய்முறைப் பயிற்சியோடு குறுகிய காலத்தில் அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர், பிறர் கற்பதற்கு நிலையம் காண உழைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜி. டி. நாயுடு மறைந்தார்.

அவருடைய வாழ்வில் செல்வம் ஒருமுறை வந்து ஒருமுறை நீங்கியது. நீங்காமல் நின்றவை மூன்று: ஊதியத்தில் மிச்சம் பிடிக்கும் பழக்கம், கையால் கற்ற தொழிலறிவு, பிறர் நம்பத்தக்க நாணயம். இம்மூன்றும் உடையவர்க்கு முதற்பொருள் சிறிதாயினும் குறையில்லை. இவையின்றிப் பெருமுதல் பெற்றிருந்தாலும் அது நெடுநாள் நிலைப்பதில்லை. தொழில் தொடங்க விரும்பும் இளைஞர், பணம் சேரும் நாளை எதிர்நோக்கி வாளா இருத்தல் வேண்டா. இன்றே ஒரு தொழிலைச் செம்மையாகக் கற்பாராயின், அவர்தம் முதலீட்டின் முதற்பகுதி இன்றே சேர்ந்துவிட்டது எனலாம்.