உட்கார்ந்து வாசித்த சக்கரவர்த்தி

குட்டீஸ்... கோவில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். வாசிப்பவர் நின்றுகொண்டோ, நடந்துகொண்டோதான் வாசிப்பார், இல்லையா? ஒரு காலத்தில் கச்சேரி மேடையிலும் அப்படித்தான். பாடகர் உட்கார்ந்து பாடலாம். நாதஸ்வரக்காரர் நிற்க வேண்டும். நாதஸ்வரம் என்றால் அவ்வளவு இளப்பமா என்று கேட்டு, மேடையில் சரிசமமாக உட்கார்ந்து வாசித்தவர், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

இவர் 1898ல் திருமருகலில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்ரமணியம். சிறுவயதிலேயே தந்தை இறந்துவிட, தாய்மாமா நடேச பிள்ளை வளர்த்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு, கச்சேரிகூட செய்தார். நாதஸ்வரம் பிறகுதான் வந்தது. பாடத் தெரிந்தவர் ஊதியதால், குழலே பாடுவது போல இருக்கும். தோடி ராகத்தை எடுத்தால் மணிக்கணக்கில் வாசிப்பார். 'காளமேகம்' (1940) படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார்!

அப்போது இருந்தது, 'திமிரி' என்ற குட்டை நாதஸ்வரம். சத்தம் கீச்சென்று மேலே நிற்கும். பாட்டில் ஊறிய காதுக்கு அது போதுமா? கும்பகோணம் அருகே உள்ள நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி, அவருக்காக நீளமான 'பாரி' நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். ஒலி தணிந்து, கனமாக வந்தது. திமிரியில் சரியாகப் பேசாத சுத்த மத்யமம் என்ற ஸ்வரமும் இதில் தெளிவாகப் பேசியது. சுருதிக்கு ஒத்து ஊதுவதற்குப் பதிலாகத் தம்புராவையும் வைத்துக்கொண்டார், பிள்ளை.

சுதந்திரம் பிறந்த 1947 ஆகஸ்டில், டில்லிக்கே போய் வாசித்தார். 1956 டிசம்பர் 12ல் காலமானார்.

இன்று நீங்கள் பார்க்கும் நீள நாதஸ்வரம், அந்தப் பாரிதான். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில் அதைக் கடைகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.