மெம்பிஸ் நகரின் ஒரேயொரு வேட்பாளர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரை நீண்டகாலம் தமது பிடியில் வைத்திருந்தவர் எட்வர்ட் கிரம்ப் (1874-1954). 1939இல் மேயர் பதவிக்கு அவரை எதிர்த்து எவருமே போட்டியிடவில்லை. உண்மையில் அப்பதவி காங்கிரஸ் உறுப்பினர் வோல்டர் சாண்ட்லருக்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது.

1940 ஜனவரி முதலாம் திகதி, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், பனி கொட்டிய புகையிரத நிலையத்தில் சத்தியப்பிரமாணம் செய்த கிரம்ப், உடனேயே இராஜினாமாச் செய்துவிட்டு, அமெரிக்கக் கால்பந்தாட்டப் போட்டியொன்றைக் காண நியூ ஓர்லியன்ஸுக்கு ரயிலேறினார்! பின்னர் நகர ஆணைக்குழு சாண்ட்லரை மேயராக்கியது.

தென்மாநிலங்களிற் பெரும்பாலான கறுப்பின மக்களுக்கு வாக்களிப்பு எட்டாக்கனியாயிருந்த அக்காலத்தில், மெம்பிஸில் அவர்கள் வாக்களித்தனர் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. அதற்கான வரியைப் பலருக்குக் கிரம்பின் ஆட்களே செலுத்தினர். ஆயினும், அவ்வாண்டு வாக்குச்சீட்டு கையிலிருந்தும் தெரிவுசெய்ய இன்னொருவர் இருக்கவில்லை. 1948இல் அவரது எதிர்ப்பையும் மீறி எஸ்டஸ் கீஃபோவர் செனற் சபைக்குத் தெரிவானபோதே அந்தப் பிடி தளர்ந்தது.