வைத்தியருக்குத் துணை நின்ற மன்னர்

ஒரத்தநாட்டுக்காரர்களுக்கு முத்தாம்பாள் சத்திரத்தைத் தெரியும். அதைக் கட்டிய தஞ்சை மன்னர் சரபோஜியையும் தெரியும். அவர் வைத்தியர்களுக்குச் செய்த உதவிதான் பலருக்குத் தெரியாது.

சரபோஜி 1777-ல் பிறந்தார். 1787-ல் துளஜா மன்னர் அவரைத் தத்து எடுத்தார். சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் பிள்ளையைக் காத்துப் படிக்க வைத்தார். 1798-ல் பட்டம் சூட்டினார்கள். மறு ஆண்டே நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போய்விட்டது! தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் வரும் பணமும்தான் மன்னருக்கு மிச்சம்.

வேறொருவராக இருந்தால் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலத்தைக் கழித்திருப்பார். சரபோஜிக்குச் சத்திரங்களைப் பற்றித்தான் கவலை. அவற்றின் வருமானத்துக்குக் குறை வரக்கூடாது என்று 1801-ல் கும்பெனியின் ரெசிடெண்டுக்கு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரத்தில் சோறு மட்டுமா கிடைத்தது? வைத்தியர் ஒருவரும் இருந்தார். வழியில் நோய்ப்பட்டவருக்கு மருந்து உண்டு, பத்தியச் சாப்பாடு உண்டு. குணமாகும் வரை தங்கலாம்.

அடுத்த ஆண்டு ஒரத்தநாட்டில் புதிய சத்திரம் எழுந்தது. தம் அன்புக்குரிய முத்தாம்பாள் இறந்த பிறகு, அந்த அம்மையாரின் பெயரால் மன்னர் கட்டியது அது.

ஆனால் ஊர் வைத்தியர் ஒருவருக்கே எல்லா நோயும் தெரிந்துவிடுமா? தஞ்சையில் மன்னர் தன்வந்திரி மகாலை அமைத்தார். நாட்டு வைத்தியர்களும் ஆங்கில வைத்தியம் அறிந்தவர்களும் அங்கே கூடினார்கள். மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கண்ட முறைகளை எழுதி வைத்தார்கள். அவற்றைத் தமிழ்ப் பாட்டாகவும் இயற்றச் செய்தார் மன்னர். பாட்டு என்றால் மனத்தில் நிற்கும். நோயாளி முன்னால் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. நல்ல யோசனை அல்லவா? பின்னாளில் சரஸ்வதி மகால் நூலகம் அவற்றைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்று புத்தகங்களாக வெளியிட்டது.

சரபோஜி 1832-ல் காலமானார். அவர் செய்த காரியம் இன்று குடிநோய்க்கு மிகவும் தேவைப்படுகிறது.

குடியில் மூழ்கியவரை வீட்டார் முதலில் அழைத்துப் போவது பக்கத்து டாக்டரிடம்தான். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது தவறு. யாருக்கு இங்கேயே மருந்து கொடுக்கலாம், யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா?

இதற்கு வழி இருக்கிறது. சென்னை டி.டி.கே. மருத்துவமனையார் நம் காவிரிப் பக்கத்து மஞ்சக்குடிக்கே வந்து, முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் இணையம் வழியாகத் தொலைவிலுள்ள டாக்டர்களுக்குப் பாடம் சொல்கிறார்கள். டாக்டர் தம்மிடம் வந்த நோயாளியின் நிலையை விவரிக்கிறார். நிபுணர்கள் கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறார்கள். நோயாளி ஊரைவிட்டுப் போகாமலே சிகிச்சை பெறுகிறார்.