கன்னங்கரா திறந்த கதவு

இலங்கையில் இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படுபவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1884 இல் அம்பலாங்கொடைக்கு அண்மையில் பிறந்த இவர், புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் பயின்று சட்டத்தரணியானார். 1911 ஆம் ஆண்டுச் சட்டநிரூபண சபைத் தேர்தலில் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்காக உழைத்தவர்களுள் இவரும் ஒருவர்.

1931 இல் கல்வி அமைச்சரான இவர் பதினாறு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். அந்நாளில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லோருக்கே உரியதாயிருந்தது. தாய்மொழிப் பாடசாலையில் பயின்ற ஏழைப் பிள்ளைக்கு உயர்பதவி எட்டாக்கனி. இவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கை, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டும் என்றும், ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைதல் வேண்டும் என்றும் விதந்துரைத்தது. பலத்த எதிர்ப்பைக் கடந்து, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. எனினும், 1947 தேர்தலில் மத்துகமத் தொகுதியில் அவர் தோல்வியுற்றார். 1969 இல் காலமானார்.

மலையகத் தோட்டப் பாடசாலைகள் இத்திட்டத்தின் முழுப்பயனைப் பெறாதது பெருங்குறை. ஆயினும், அவர் திறந்த பல்கலைக்கழக வாயிலில் மொழி கேட்கப்படவில்லை. 1970 களில் வந்த தரப்படுத்தலே மொழி பார்த்து அவ்வாயிலைத் தமிழ் மாணவருக்கு ஒடுக்கியது.

நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் வாழும் ஈழத்தமிழ்ப் பொறியியலாளர், மருத்துவர் பலர் தாயகத்தில் கட்டணமின்றிப் பயின்றவர்கள். வீடும் காணியும் இழந்து வந்தோரிடம் எஞ்சிய முதல் அக்கல்வியே. அதற்கு வழிவகுத்தவரின் பெயரை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.